பம்மலாரும் எங்கள் ஆறு தூண்களும்

மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை இந்த ஆண்டு மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் போன் செய்தார்கள். காமராஜர், பாரதியார், வ.உ.சி. மூவரையும் வேறு வேறு செட் மாணவர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்களாம். மிச்சம் இருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் எழுதலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், அவரை ஏன் பிடித்தாய் என்று கேட்டார்கள். காரணம் ஒரு செட். படித்த செட் இல்லை. சவுக்குக் கம்பும் சாக்கும் பழுப்புக் காகிதமும் வைத்து நாங்கள் கட்டிய தர்பார் செட்.

அது 1988. எனக்குக் கடைசி வருஷம். மாணவர்களே நடிக்கும் அரைமணி நாடகம் ஒன்றைத் தொலைக்காட்சிக்குத் தர நம் கல்லூரிக்கு வாய்ப்பு வந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு தேவலோகம். அதற்குள்ளே காலடி எடுத்து வைக்கப் போகிறோம் என்றால் சும்மாவா? தமிழ்ப் பேராசிரியர் மனோகராவின் தர்பார் காட்சியைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கிக் கொடுத்தார். தாயின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுச் சங்கிலியோடு நிற்கும் இளவரசன், தாய் அனுமதி கொடுத்ததும் அதை அறுத்தெறிகிறானே, அந்தக் காட்சி. நடிக்க ஆள் தேட வேண்டியே இருக்கவில்லை. ஆளாளுக்கு மனோகரன். முகம் காட்டக் கூச்சப்பட்ட நாங்கள் நாலு பேர் மட்டும் செட் கோஷ்டி ஆனோம்.

என் ஊர் அனந்தபுரம், செஞ்சி பக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் நாடகம் என்றால் கூத்துதான். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி அம்மனுக்கு ஆதி இடம் என்பார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க அம்மனுக்குத் திருவிழா, பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் படுகளம். என் தாத்தா கூத்துப் பைத்தியம். பத்து மைல் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு விடிந்ததும் ஏர் பூட்டுகிற ஆள். கூத்தில் செட் என்று ஒன்றுமே கிடையாது. ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னாலிருந்து ராஜா பாடுவார், கால் சலங்கை மட்டும் தெரியும். துணி விலகினால் அதுதான் அஸ்தினாபுரம். ஒரு பெஞ்சு இருந்தால் அதுவே சிம்மாசனம்.

இதையெல்லாம் கல்லூரியில் நான் யாரிடமும் சொன்னதில்லை. பி.ஏ. படிக்கிற பையன், கூத்துப் பார்க்கிற குடும்பம் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு வெட்கம். இந்த வெட்கத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தர்பார் என்றால் தூண் வேண்டும் என்று முடிவு செய்தோம். ஆறு தூண், ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி. மரக்காணம் பக்கத்துப் பையன் ஒருவன் சவுக்குக் கம்பு கொண்டு வந்தான். மூங்கில் பிளாச்சை வளைத்து வளையம் கட்டி, கம்பைச் சுற்றி அடிக்கு ஒன்றாகப் பொருத்தினோம். அதன்மேல் சாக்கு. சாக்கின்மேல் பழுப்புக் காகிதம். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. துத்தம் போடாவிட்டால் ராத்திரியே எலியும் கரப்பானும் விருந்து வைத்துவிடும். காய்ந்ததும் டிஸ்டெம்பர் அடித்து, மேலே ஜிகினாவில் பூ வேலை. தூண்களின் உச்சியில் யாளி வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதற்கு மட்டும் ரெண்டு ராத்திரி ஆயிற்று. மனோகரனைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும் என்பதும் எங்கள் கற்பனைதான். சினிமா பார்த்த ஞாபகம்.

முதல் ஒத்திகையிலேயே மனோகரன் உணர்ச்சிவசப்பட்டு ஒரு இழுப்பு இழுத்தான். சங்கிலி அறுந்து போகவில்லை. தூண்தான் வந்தது. யாளியோடு சேர்ந்து மந்திரியின் தலைமேல் விழுந்தது. கனமில்லாத தூண் என்பதால் மந்திரி பிழைத்தார்.

பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் நாடக மேடை நினைவுகள் என்ற புத்தகம் இருக்கும், அதை எழுதியவரே மனோகராவை எழுதி நடித்தவர், போய்ப் படித்துவிட்டு வந்து தூணை நிறுத்து என்று அனுப்பினார். 1895-ல் தூணை எப்படி நிறுத்தினார்கள் என்று பார்க்கத்தான் நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். தூணைப் பற்றி எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் கிடைத்தான்.

சம்பந்தம் பிறந்தது 1873-ல், சென்னையில். பல்லாவரத்துக்குப் பக்கத்துப் பம்மல் பூர்வீக ஊர். தகப்பனார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் வேலை பார்த்தவர், தமிழ்ப் புத்தகங்கள் வெளியிட்டவர். வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பையனுக்கு ஆங்கில நாடகம் என்றால் ஆசை. ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். ஆனால் தமிழ் நாடகம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்றைக்குத் தமிழ் நாடகம் இருந்த நிலை அப்படி. ராத்திரி தொடங்கினால் விடியும் வரை போகும். வசனம் என்பது பேருக்கு, எல்லாம் பாட்டு. நடிப்பவர்களைக் கூத்தாடி என்று ஏளனமாகச் சொல்லும் காலம். படித்த குடும்பத்துப் பையன் மேடை ஏறினால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தமிழ் நாடகத்தை வெறுத்தேன் என்று அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அனந்தபுரத்துக் கூத்தைப் பற்றி வாயைத் திறக்காத நான் மட்டும் என்ன ஒழுங்கு?

1891-ல் பல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல் தம் சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். சம்பந்தம் பார்க்கப் போனார். மேடையில் நிற்பவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், பட்டம் வாங்கியவர்கள். கூலிக்காக நடிக்கவில்லை, கலை என்று நடிக்கிறார்கள். இதைத் தமிழில் நாம் ஏன் செய்யக்கூடாது என்று ஒரு கேள்வி அந்தப் பையன் மனசில் விழுந்தது. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தம் வயசுப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, அதே வருஷம் ஜூலை 1-ந் தேதி சுகுண விலாச சபை என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார். கையில் நாடகம் இல்லை, மேடை இல்லை, துணிமணி இல்லை, பணமும் இல்லை. நாமாக இருந்தால் முதலில் தூண் கட்டியிருப்போம். அவர்கள் முதலில் கட்டியது சபையை.

நாடகம் இல்லாத குறையைத் தீர்க்க அவரே எழுத உட்கார்ந்தார். முதல் நாடகம் புஷ்பவல்லி. மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டே எழுதுவது, ஒத்திகை பார்ப்பது, நடிப்பது எல்லாம். சாயங்காலம் வீட்டில் ஒத்திகை என்று போய்விட்டுப் பரீட்சையில் கோட்டை விடும் கதையை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் கோட்டை விடவில்லை. பட்டமும் வாங்கினார், சட்டமும் படித்து வக்கீலானார்.

சபையின் மேடை விக்டோரியா பப்ளிக் ஹால். சென்னை சென்ட்ரலில் இறங்கி வெளியே வந்தால் சிவப்பாக, ஒரு பக்கம் கோபுரம் வைத்து நிற்குமே, அந்தக் கட்டிடம்தான். ராபர்ட் சிஷோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டியார் 1880-களில் கட்டி முடித்தது. ஒருகாலத்தில் ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் அதை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

செட்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் செட் என்ற பேச்சே கிடையாது. படுதாதான். பார்சி கம்பெனிகள் ஊர் ஊராக வந்து, வர்ணம் தீட்டிய படுதாக்களைக் காட்டிவிட்டுப் போனதிலிருந்து நம்மவர்களுக்கும் அந்த மோகம் பிடித்துக்கொண்டது. அரண்மனைப் படுதா, தெருப் படுதா, காட்டுப் படுதா, நந்தவனம், சிறைச்சாலை என்று ஒரு கம்பெனிக்கு அஞ்சாறு இருக்கும். எந்த நாடகம் போட்டாலும் அதேதான். அரிச்சந்திரன் அலையும் காட்டில்தான் நளனும் அலைவான். உருளையில் சுற்றி மேலே கட்டியிருப்பார்கள். கயிற்றைத் தளர்த்தினால் சரசரவென்று இறங்கும்.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. தெருப் படுதாவை மேடையின் முன்பக்கத்திலேயே இறக்குவார்கள். அதற்கு முன்னால் ரெண்டு பேர் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருக்க, பின்னால் சத்தமில்லாமல் சிம்மாசனத்தையும் மற்றதையும் கொண்டுவந்து வைத்துவிடலாம். தெருப் படுதா ஏறினால் தர்பார் தயார். அதனால் நாடகம் எழுதுகிறவன் பெரிய காட்சிக்கு முன்னால் ஒரு சின்னக் காட்சியை எழுதியே ஆக வேண்டும். காவலாளிகள் வம்பளப்பது, விதூஷகன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எல்லாம் இப்படி வந்தவைதான் என்று தெரிந்தபோது, இத்தனை நாள் அதை வெறும் சிரிப்புக்காக என்று நினைத்திருந்தேனே என்று தோன்றியது. தச்சனுக்காகவும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

படுதாவோடு நிற்காமல் பிற்காலத்துக் கம்பெனிகள் எங்கேயோ போய்விட்டன. கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தைப் பற்றித் தாத்தாக்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் அலைமோதியது. பம்மலார் போனது வேறு வழி. ஜோடனையே வேண்டாம் என்று சொன்ன ஆளில்லை அவர். அவர் சபையிலும் படுதா உண்டு, பட்டாடை உண்டு. ஆனால் அவர் திருத்தியது மேடைக்குப் பின்னால் தொங்கியதை இல்லை. சொன்ன நேரத்துக்கு நாடகம் தொடங்க வேண்டும். விடிய விடிய இழுக்காமல் சில மணி நேரத்தில் முடிய வேண்டும். பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்ட வேண்டும். ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறக்கூடாது. கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். நம் கல்லூரி விழாவில் ஒரு நிகழ்ச்சியையாவது அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறோமா? நான் படித்த காலத்தில் இல்லை. இப்போது படிப்பவர்கள் தங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மனோகரா 1895-ல் மேடை ஏறியது. எழுதியவருக்கு வயசு இருபத்திரண்டு. மனோகரனாக நடித்தவரும் அவரேதான். சொந்தமாகக் கற்பனை செய்த கதை, புராணம் இல்லை. வசந்தசேனையிடம் மயங்கிய ராஜா, ஒதுக்கப்பட்ட ராணி பத்மாவதி, கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் மகன். இந்த நாடகம் அவர் கையைவிட்டு ஊரெல்லாம் போயிற்று. தொழில் முறைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. டி.கே.எஸ். சகோதரர்கள் போட்டார்கள். 1936-ல் சினிமாவாக வந்தபோது பம்மலாரே ராஜா புருஷோத்தமனாக நடித்தார். 1954-ல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் மறுபடி வந்தது. மனோகரன் சிவாஜி கணேசன். சிவாஜி பிறந்தது நம் விழுப்புரத்தில்தான் என்பதை இந்த மலரில் சொல்லாமல் விட்டால் என்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

சபையில் ஆண்களேதான் பெண் வேஷமும் போட்டார்கள். அதில் ரங்கவடிவேலு என்ற நண்பர் பம்மலாருக்கு எல்லாமாக இருந்தார். இவர் கதாநாயகன் என்றால் அவர் கதாநாயகி. வருஷக்கணக்கில் இதே ஜோடி. 1923-ல் ரங்கவடிவேலு காலமானார். நாடக மேடை நினைவுகளில் அந்த நண்பரைப் பற்றி வரும் இடங்களை நான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எத்தனையோ பேரைப் பற்றிக் கணக்குப்பிள்ளை மாதிரித் தேதி போட்டு எழுதிக்கொண்டு போகிறவர், இவரைப் பற்றி எழுதும்போது மட்டும் நடை தளர்ந்துவிடுகிறது. செட் கோஷ்டியில் எங்களோடு இருந்த ஒருவன் இன்று இல்லை. இதை எழுத எடுத்தபோது அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். மேலே நகர முடியவில்லை.

பகலில் கோர்ட், ராத்திரியில் மேடை என்று அவர் காலம் ஓடியது. 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. நீதிபதியும் நாடகக்காரரும் ஒரே ஆள் என்பதை ஊர் ஒத்துக்கொண்டதே, அதுதான் அவர் முப்பது வருஷமாகக் கட்டிய கட்டிடம். தலைவர் சத்தியமூர்த்தி இந்தச் சபையில் நடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதே மேடையில் வேஷம் கட்டியவர்தான்.

சபை கடல் தாண்டிக் கொழும்புக்கும் போயிற்று. யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் பம்மலாரைக் குருவாக வரித்துக்கொண்டவர். 1913-ல் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபை அமைந்ததற்குப் பின்னால் இந்தத் தாக்கம் இருந்தது. ஈழத்து நாடகக்காரர்கள் இன்றும் அவரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள்.

எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேல். ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், வெனிஸ் வர்த்தகனை வாணீபுர வணிகன் ஆக்கினார். சிரிக்க வேண்டுமா, சபாபதி இருக்கிறது. 1941-ல் டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்துப் படமாக வந்ததே, அந்த அசட்டு ஜமீன்தாரும் அவனைவிட அசட்டு வேலைக்காரனும் இவர் பேனாவில் பிறந்தவர்கள்தான். 1934-ல் சதி சுலோச்சனா படத்தை இயக்கவும் செய்தார். ஆனால் சினிமாவில் அவர் மனசு ஒட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. 1930-களில் ஆறு பாகங்களாக நாடக மேடை நினைவுகளை எழுதி வெளியிட்டார். 1959-ல் பத்ம பூஷண். 1964 செப்டம்பரில், தொண்ணூற்றிரண்டாவது வயசில் காலமானார்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தாத்தாவுக்குத் துரோகம். படித்தவர்களை மேடைக்குக் கொண்டுவந்தார், சரி. ஏற்கெனவே மேடையில் வியர்வை சிந்திக்கொண்டிருந்தவர்கள்? அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சோறு போட்டு நாடகம் சொல்லிக் கொடுத்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியவர், 1922-ல் புதுச்சேரியில் காலமாகிக் கருவடிக்குப்பத்தில் அடங்கியிருக்கிறார். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். அந்தப் பாட்டுக்காரக் கம்பெனிகளும் எங்கள் கூத்துக்காரர்களும் இல்லாவிட்டால், டிக்கெட் வாங்கி விக்டோரியா ஹாலுக்குப் போக முடியாத ஜனங்களுக்கு நாடகமே கிடைத்திருக்காது. கூத்தாடி என்ற ஏளனத்தைத் தன் நண்பர்கள் மேலிருந்து பம்மலார் துடைத்தெடுத்தார். கூத்தாடிகள் மேலிருந்து அது போக இன்னும் பல காலம் ஆயிற்று.

அவர் நாடகத்தின் பெயரையே தன் பெயராகச் சுமந்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். நாமக்கல்லில் 1925-ல் பிறந்த லட்சுமி நரசிம்மன், மாணவனாக மனோகரா நாடகத்தில் நடித்ததால் மனோகர் ஆனார். ஆர்.எஸ். மனோகர்தான். தபால் இலாகாவில் வேலை பார்த்த பட்டதாரி. சினிமாவில் வில்லன். 1954-ல் நேஷனல் தியேட்டர்ஸ் தொடங்கி இலங்கேஸ்வரன் முதலான நாடகங்களில் பிரம்மாண்டமான செட்டுகளைக் காட்டிச் சபாக்களை நிரப்பியவர். 2006-ல் காலமானார். சிறு வயதில் விழுப்புரத்தில் அவர் நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு யாளி ஆசையே வந்தது. ஆக, என் தூணுக்கும் சுற்றிவளைத்து மூலகாரணம் பம்மலார்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் தூண்களின் கதையை முடிக்கிறேன். சங்கிலியைத் தூணில் கட்டும் யோசனையை விட்டுவிட்டோம். மல்லாட்டை மூட்டை ஏற்றிப்போன லாரி ஒன்றில் ஆறு தூண்களையும் படுக்கவைத்துக் கயிறு கட்டிச் சென்னைக்கு அனுப்பினோம். ரெண்டு பேர் மூட்டைமேல் உட்கார்ந்து யாளிகளைப் பிடித்துக்கொண்டே போனார்கள். நான் அதில் ஒருவன்.

ஸ்டுடியோவுக்குள் தூண்களை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். அவ்வளவுதான், ஜிகினா தீப்பிடித்த மாதிரி மின்னியது. மானிட்டரில் தூண் தெரியவில்லை, வெள்ளை வெள்ளையாகப் பொறிதான் தெரிந்தது. அங்கிருந்த செட் ஆள் சிரித்துக்கொண்டே ஒரு சோப்புக் கட்டியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். பளபளப்பெல்லாம் மங்கும்வரை தேய்த்தோம். மூன்று ராத்திரி ஒட்டியதை அரைமணியில் தேய்த்தாயிற்று. அடுத்த அடி அதைவிடப் பெரிசு. பன்னிரண்டு அடித் தூணில் கேமராவுக்குள் வந்தது ஆள் நிற்கும் உயரமும் கொஞ்சம் மேலேயும்தான். யாளி இருக்கும் உயரத்துக்கு எந்தக் கேமராவும் நிமிரவே இல்லை. நிமிர்ந்தாலும் அங்கே விளக்குகள்தான் தெரியும் என்றார் அவர். மூன்று கேமரா நகர இடம் வேண்டும் என்று நாலு தூணை வெளியே கொண்டுபோகச் சொன்னார். கடைசியில் மிஞ்சியது ரெண்டு தூண், பின்னால் ஒரு சாம்பல் நிறத் துணி, நடுவில் நாற்காலிமேல் பட்டு விரித்த சிம்மாசனம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வராந்தாவில் நாலு தூணுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த நண்பன்தான் கூப்பிட்டான். கண்ணாடி வழியே பார்த்தேன். பத்மாவதி வேஷம் போட்ட நம் கல்லூரி மாணவி மெல்லத் தலையை அசைக்கிறாள். மனோகரன் கையை உயர்த்துகிறான். பின்னால் வெறும் துணி. எனக்குச் சட்டென்று எங்கள் ஊர் அம்மன் கோயில் முற்றம் ஞாபகம் வந்தது. சங்கிலி இந்தத் தடவை ஒழுங்காக அறுந்தது. ஒரு வளையத்தை முந்தின நாளே ரம்பத்தால் அறுத்து மெழுகு வைத்து ஒட்டியிருந்தோம்.

ஒளிபரப்பான அன்று அனந்தபுரத்தில் பொது டி.வி. முன்னால் கூட்டம். கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆன்டெனாவைத் திருப்ப ஒரு பையன் கம்பத்தில் ஏறி நின்றான். தாத்தாவை முன்வரிசையில் உட்காரவைத்தேன். பேரன் எங்கே எங்கே என்று கடைசிவரை தேடினார். நான் நடிக்கவில்லை, அந்தத் தூண் என்னுடையது என்று காட்டினேன். தூணா அது, தெரியவே இல்லையே என்றார். அப்புறம், அந்தப் பிள்ளை கையைத் தூக்கினபோது நன்றாக இருந்தது, பின்னால் திரை பிடித்தது யார் என்று கேட்டார். திரையை யாரும் பிடிக்கவில்லை, கட்டியிருந்தது என்றேன். கட்டினால் எப்படி விலக்குவது என்று அவருக்கு ஒரே குழப்பம்.

வெளியே நிறுத்திய நாலு தூண்களும் அதே லாரிக்காரர் தயவில் ஊருக்கு வந்து, அந்த வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் சபைக்கு நின்றன. கூத்து வாத்தியார் முதலில் வேண்டாம் என்றார்; தாத்தா சிபாரிசில் ஒத்துக்கொண்டார். பதினெட்டாம் போருக்கு முந்தின ராத்திரி மழை பெய்தது. காலையில் பார்த்தால் நாலு சவுக்குக் கம்பும் மூங்கில் வளையமும்தான் நின்றன, யாளி எல்லாம் கூழாகிக் கிடந்தது.

நாடகக் குழு முழுவதும் தூண்களோடு ஸ்டுடியோ வாசலில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று உண்டு. என்னிடம் இருந்த பிரதி வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. 1988 செட் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்பி வையுங்கள். அதில்தான் யாளிகள் நன்றாகத் தெரியும்.